முதலில் தூண், பிறகு கருவி

சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792ஆம் ஆண்டில் அங்கே ஒரு வானோக்குக் கூடத்தை ஸ்தாபித்தபோது, வானத்தை அளக்கும் கருவி இம்மியும் அசையாமல் அமர வேண்டும் என்ற விசாரத்தோடு நாட்டிய அத்தூணில், லத்தீன், தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் சாசனமும் பொறித்து வைத்தார்கள். கூடம் மறைந்துவிட்டது, நட்சத்திர ஆராய்ச்சியோ 1899இல் கொடைக்கானலுக்கு மலையேறிவிட்டது, தூண் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கோல்டிங்ஹாம் என்னும் துரை 1796 முதற்கொண்டு நகரத்தின் சீதோஷ்ண நிலையைக் குறித்துவைக்கத் தொடங்கியதும் அந்தக் கூடத்தில்தான். கருவியைக் காட்டிலும் அதைத் தாங்கும் தூணின்மீது அவர்கள் அவ்வளவு சிரத்தை வைத்ததன் தாத்பரியம், என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சிறு வானிலை நிலையத்தை நானே அமைக்கப் புகுந்து, இரண்டு கோடையும் இரண்டு மழைக்காலமும் அவதிப்பட்ட பின்னர்தான் எனக்கு விளங்கிற்று.

இக்காலத்தில் கருவிக்குப் பஞ்சமில்லை. வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் ஒருசேரச் சொல்லும் பி.எம்.இ.280 என்ற சென்சார் இரண்டரை மில்லிமீட்டர் சதுரந்தான். ஓர் உளுந்தின் அளவுகூட இராது. மழையை எண்ணும் வாளியும், காற்றில் சுழலும் கிண்ணங்களும், திசை காட்டும் வாலும் ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் எளிதாய்க் கிடைக்கின்றன. வாங்குவது அரைமணி வேலை. அவற்றை வெயிலிலும் மழையிலும் எங்கே நிறுத்துவது, எவ்வாறு ஒயர் இழுப்பது என்பதோ கையேட்டில் இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிற, ஆனால் மாடியில் முடியவே முடியாத விஷயம்.

என் முதற்பிழை வெப்பமானியில் நேர்ந்தது. மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் நல்ல காற்றோட்டம் இருக்கிறதென்று நம்பி, சென்சாரை ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து அச்சுவரிலேயே திருகி முடித்தேன். சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில், மீனம்பாக்கத்து வானிலை நிலையம் சொன்ன உஷ்ணத்தைவிட என் மாடி ஏழு பாகை அதிகமாகக் காட்டிற்று. அக்கினி நட்சத்திரம் என் வீட்டுக்கு மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டதோ என்று எண்ணும்படி இருந்தது. கருவியின் மேல் குற்றமில்லை. காய்ந்த சிமெண்டுச் சுவர் எவ்வளவு சுடுகிறது என்பதை அது யதார்த்தமாகவே சொல்லிற்று. நான் தெரிந்துகொள்ள விரும்பியது காற்றின் வெப்பம்.

சூரிய கிரணமும் சுவரின் தகிப்பும் படாமல், காற்று மட்டும் தடையின்றிப் புகுந்து வெளியேறும் ஒரு நிழலில் வைத்தாலன்றி வெப்பமானி காற்றின் உஷ்ணத்தைக் காட்டாது. அத்தகைய நிழலைப் பெட்டியாகவே செய்து தந்தவர் ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய தாமஸ் ஸ்டீவன்ஸன். ‘புதையல் தீவு’ எழுதிய ஆசிரியரின் தகப்பனார். 1860களில் அவர் வகுத்த, சாய்ப்பலகைகளை அடுக்கிய வெள்ளைப் பெட்டி இன்றும் வானிலை நிலையங்களில், புல்தரைக்கு ஏறத்தாழ நான்கடி உயரத்தில் நிற்பதைக் காணலாம். வீட்டுக்காரனுக்கு அத்தனை பெரிய பெட்டி அவசியமில்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள் எட்டோ பத்தோ வாங்கிக் கவிழ்த்து, மேல்தட்டு நீங்கலாக மற்றவற்றின் நடுவை வட்டமாக வெட்டி, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளிவிட்டு, மரையிட்ட நீண்ட கம்பிகளில் கோத்து, நடுக்குழியில் சென்சாரைத் தொங்கவிட்டால் ஸ்டீவன்ஸனின் நோக்கம் பெரும்பாலும் நிறைவேறிவிடும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. மேல்நாட்டார் எழுதிய கையேடுகள், வீட்டின் வடபுறச் சுவரோரத்தில் வெப்பமானியை வையுங்கள், அங்கே வெயில் வராது என்று தயக்கமின்றி உபதேசிக்கின்றன. லண்டனிலும் நியூயார்க்கிலும் நடுப்பகல் சூரியன் வருஷம் முழுவதும் தெற்கே நிற்பவன். அவர்களுக்கு அது வேதவாக்கு. சென்னையோ 13 பாகை வட அட்சரேகையில் உள்ள ஊர். ஏப்ரல் கடைசி வாரத்தில் நம் உச்சந்தலைக்கு நேரே வரும் சூரியன், அதன்பின் வடக்கே சாய்ந்து, ஆகஸ்டு மாதம் பாதிக்கு மேல் போன பிறகே மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறான். ஆகவே கத்திரி வெயில் வடபுறச் சுவரையும் விட்டுவைப்பதில்லை. நான் அந்த உபதேசத்தைக் கேட்டு ஒரு கோடையை வீணாக்கிய பிறகு, தண்ணீர்த் தொட்டிக்கும் ஏ.சி. பெட்டிகளுக்கும் எட்டாத ஓரிடத்தில் ஜி.ஐ. பைப் ஒன்றை நட்டு, தளத்துக்கு ஆறடி மேலே தட்டுக்கூண்டைப் பொருத்தினேன். ஏழு பாகை வித்தியாசம் ஒன்றரைக்கு இறங்கியது. இரவு ஒன்பது மணிக்கும் மாடித்தளம் தோசைக்கல்லைப் போலக் கனல்வதை உத்தேசித்தால், அந்த ஒன்றரைக்காக நான் யாரையும் நொந்துகொள்வதற்கில்லை.

மழைமானியின் சுபாவம் வேறு. அதற்கு வெயிலைப் பற்றிக் கவலையில்லை. திறந்த வானமும், தள்ளாடாத சமதளமும் போதும். களஞ்சியத்தில் ஒரு முழ வாயகலமுள்ள பாத்திரத்தை வைத்து மழையை அளக்கும்படி அர்த்தசாஸ்திரம் விதித்ததே, அந்தப் பாத்திரத்துக்கும் இந்த யந்திரத்துக்கும் புனலளவில் பேதமில்லை. புனலுக்குக் கீழேதான் புதுமை. ஏற்றத்தின் இரு முனைகள் போல மாறிமாறித் தாழும் இரட்டை வாளி அங்கே இருக்கிறது. 0.2 மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் நிறைந்ததும் ஒரு வாளி கவிழ, மற்றது ஏந்திக்கொள்ள, ஒவ்வொரு கவிழ்ப்பின்போதும் வாளியில் ஒட்டிய காந்தம் ரீட் சுவிட்ச் ஒன்றைக் கடந்துசென்று அதை ஒருதரம் மூடித் திறக்கிறது. கணினி அதை எண்ணுகிறது, அவ்வளவே. பக்கத்திலுள்ள சுவரோ தொட்டியோ மழைமானியின் விளிம்புக்கு மேல் எத்தனை அடி உயர்ந்திருக்கிறதோ, அதைப்போல் இரண்டு பங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும் என்பது பொதுவிதி.

சிக்கனம் கருதி மழைமானியையும் காற்றுமானியையும் நான் ஒரே பைப்பில் மாட்டியிருந்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு, நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்த வானத்தின் கீழ், என் நிலையம் மூன்று மில்லிமீட்டர் மழை பெய்ததாகப் பதிவு செய்திருந்தது. பைப் காற்றில் அதிர, வாளி தானாகவே ஆடி, இல்லாத மழையை எண்ணிவிட்டது! நுங்கம்பாக்கத்துத் தூண் எனக்கு நினைவு வந்தது அன்றைக்குத்தான். மறுநாளே மழைமானியைக் கழற்றி, சிமெண்டுக் கட்டையொன்றின்மேல் தனியே அமர்த்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்துத் திருகினேன்.

காற்றுமானியை விதிப்படி நிறுத்தும் பாக்கியம் நகரவாசிகளுக்கு இல்லை. திறந்த நிலத்தில் பத்து மீட்டர் உயரம் வேண்டும். சுற்றியுள்ள தடைகள் தம் உயரத்தைப்போல் பத்து மடங்கு தள்ளியிருக்கவும் வேண்டும். மூன்றாம் வீட்டு மாடியே என் மாடிக்கு மலையாக நிற்கையில் அந்தப் பேச்சுக்கு இடமேது? ஆகவே என் காற்றுமானி காட்டுவது எங்கள் தெருவின் காற்றை மட்டுமே என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் இந்நகரத்து மரங்களைச் சாய்த்துப் போட்டதைக் கண்ணால் கண்டவர்கள் பைப்பை ஒரு கிளாம்பில் நிறுத்தத் துணியமாட்டார்கள். நான் மூன்று கிளாம்பும், மூன்று பக்கம் இழுகம்பியும் கட்டியிருக்கிறேன். திசைகாட்டும் வாலை வடக்கு நோக்கிப் பொருத்தும்போது இன்னொரு சங்கடம்: இரும்புப் பைப்புக்கு அருகில் காந்த ஊசியைக் கொண்டுபோனால் அது பைப்பையே வணங்கும். தூரத்துக் கோயில் கோபுரத்தை வரைபடத்தில் பார்த்து, அது எந்தப் பாகையில் இருக்கிறதென்று கணக்கிட்டு, அதைக் கொண்டு வடக்கை நிர்ணயம் செய்தேன்.

இனி ஒயர். வெளியில் மாட்டும் கருவிகள் பெரும்பாலும் சென்சாரால் சாவதில்லை, ஒயரால் சாகின்றன. வீட்டுக்குள் ஓடும் வெள்ளை நெட்வொர்க் கேபிளை நான் மாடியில் இழுத்திருந்தேன். ஒரே கோடையில் அதன் மேலுறை அப்பளம்போல் நொறுங்கிற்று. வெளியுபயோகத்துக்கென்று வரும் கறுப்பு உறைக் கேபிளாக இருந்தாலும் பி.வி.சி. பைப்புக்குள் செலுத்துவதே உத்தமம். அணில் பல்லுக்கும் அதுவே பரிகாரம். தூரத்தைப் பற்றியும் ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது. அந்தக் கேபிளின் மெல்லிய செம்புக்கம்பி மீட்டருக்கு 0.084 ஓம் தடை உள்ளது. கீழ்வீட்டிலிருந்து மாடிக்கு 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்பினால் ஏறத்தாழ 3.4 ஓம் ஆகிவிடும். வைஃபை பேசும் கணத்தில் கருவி 200 மில்லி ஆம்பியர் இழுத்தால், அடியில் கொடுத்த ஐந்து வோல்ட் உச்சியில் ஏறத்தாழ 4.3 ஆகத் தேய்ந்து, கருவி மயக்கம் போட்டு மறுபடி எழும். மழை பெய்யும்போதெல்லாம் ஈரத்தால்தான் என் நிலையம் நின்றுபோகிறதென்று ஒரு மாதம் சந்தேகித்துவிட்டு, கடைசியில்தான் இந்த உண்மையைக் கண்டேன். பன்னிரண்டு வோல்ட்டை மேலே அனுப்பி, அங்கே ஐந்தாகக் குறைத்துக்கொண்டதும் வியாதி தீர்ந்தது. பி.எம்.இ.280 பேசும் பாஷையும் நெடுந்தூரத்துக்கு ஏற்றதன்று. சில அடிகளுக்கு மேல் இழுத்தால் உளறத் தொடங்கும். மாடிப்பெட்டியிலேயே ஒரு சிறு கணினியை வைத்து, சென்சாரின் பேச்சை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்வதுதான் நல்லது.

நீர் புகாத பெட்டி என்று எழுதி விற்கப்படும் பெட்டிக்குள்ளும் நீர் புகுந்தது. இதன் காரணத்தை எனக்குக் கற்பித்தவர் பொறியாளர் அல்லர். பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த கேபிள் டி.வி. ஊழியர். என் வேலையைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சார், ஒயர மேலேருந்து நேரா பொட்டிக்குள்ள வுட்டா தண்ணியும் அதப் புடிச்சிக்கிட்டே உள்ள போவும். பொட்டிக்குக் கீழ ஒரு சாண் தொங்கவுட்டு, அங்கேருந்து மேல ஏத்துங்க. தண்ணி தொங்கலோட கீழ சொட்டிடும்” என்றார். பெட்டியின் அடிப்புறத்தில் துளையிட்டு, கிளாண்ட் போட்டு, அவர் சொன்ன தொங்கலையும் விட்டேன். நீர் நின்றது. ஆனால் மழைநீர் வராத பெட்டிக்குள்ளும் மார்கழி விடியற்காலையில் பனி வியர்க்கும். அதற்காக அடியிலேயே கொசுவலை கட்டிய நுண்துளை ஒன்றும், சர்க்யூட் பலகையின் பற்றவைப்புகள்மேல் நகப்பூச்சும் இட்டேன். என் மகள் நகப்பூச்சுக் குப்பியைத் தேடி அலைந்தது தனிக்கதை.

இடியைப் பற்றிப் பெருமையாகப் பேச எனக்கு அருகதையில்லை. நேரே விழும் மின்னலை எந்தச் சிறு பாகமும் தடுக்காது. தூரத்தில் விழுவது ஒயரில் தூண்டும் அதிர்ச்சியைத் தாங்கும் பாதுகாப்பு டயோடுகள் உண்டு. பைப்பை முறையாக எர்த் செய்து, கரண்ட் ஒயர்களுக்கு ஓரடியாவது விலகிக் கேபிளைக் கொண்டுசென்று, பலத்த இடியன்று கீழே பிளக்கைப் பிடுங்கிவிடுவதோடு என் சாமர்த்தியம் நிறைவுபெறுகிறது.

இத்தனை பேரில் வெளியே போகாமல் சுகமாக வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து உண்மையைச் சொல்லக்கூடியது காற்றழுத்தமானி ஒன்றுதான். சாத்திய அறையிலும் அழுத்தம் வெளியில் உள்ளதேதான். வெப்பமண்டலத்தில் அது தினமும் காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஏறி, விடியற்காலை நான்கு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இறங்கும் அலையை, வகுப்பில் படித்தபோது நான் நம்பவில்லை. என் திரையில் கடிகாரம்போல் அது வந்து போவதை இப்போது பிரத்தியட்சமாகக் காண்கிறேன்.

மழைமானியைப் பரீட்சிக்க நான் கையாளுவது ஆஸ்பத்திரிச் சலைன் குழாய். இருபது சென்டிமீட்டர் வாய் விட்டமுள்ள புனலில் 314 மில்லிலிட்டர் நீரை அதன் வழியே சொட்டுச்சொட்டாக விட்டால், பத்து மில்லிமீட்டர் மழை என்று ஐம்பது கவிழ்ப்பு விழ வேண்டும். சென்ற ஆண்டு நாற்பத்தொன்றுதான் விழுந்தது. திறந்து பார்த்தால், குளவியொன்று வாளிக்கு அருகில் மண்வீடு கட்டிக் குடியேறியிருந்தது. துப்புரவு செய்த பின் நாற்பத்தொன்பது. ஐப்பசியில் அடைமழை தொடங்கியதும், காலை எட்டரைக்கு, அரசாங்க நிலையங்கள் மழைநாளை முடிக்கும் அதே வேளையில், குடையோடு மாடியேறி, யந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் சாதாரணப் புனலும் குப்பியுமான மழைமானியையும் அளந்து பார்க்கிறேன். கொட்டித் தீர்க்கும் மழையில் யந்திரம் எப்போதும் சற்றுக் குறைத்தே சொல்லுகிறது. வாளி கவிழும் அந்தக் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேருவதில்லை. போன வாரம் யந்திரம் 62.4 என்றது, குப்பி 66 என்றது. நோட்டுப் புத்தகத்தில் இரண்டையும் எழுதி, எதிரே, “ராத்திரி இரண்டு மணிக்குப் பலத்த மழை” என்றும் குறித்துவைத்தேன்.