மாடியும் மதிப்பும்

பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் பெருங்கட்டடம் ஒன்றிலே மிகச் சிறந்த வீடு எந்த மாடியில் இருக்கும்? இன்று இவ்வினாவைக் கேட்டால், உச்சி மாடியில் என்றே பலரும் விடை கூறுவர். ஆனால், 1860 ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்துச் செல்வர் ஒருவரிடம் கேட்டிருந்தால், அவர் நகைத்திருப்பார். உச்சி மாடி வேலைக்காரருக்கு உரியது என்பது அந்நகரில் எல்லோரும் அறிந்த செய்தி.

மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியிலே, 1853 முதல் 1870 வரை பாரிஸ் நகர நிருவாகத்தை நடத்தியவர் ஓஸ்மான் என்பவர். அவர் காலத்தில் பழைய சந்துகள் இடிக்கப்பட்டு, அகன்ற வீதிகள் அமைந்தன. அவற்றின் இருமருங்கும் வெளிர்நிறக் கல்லாலான மாடிக் கட்டடங்கள் ஒரே உயரத்தில் அணிவகுத்து நின்றன. 20 மீற்றர் அகலமான வீதியிலும் கட்டடத்தின் முகப்பு 20 மீற்றருக்கு மேல் உயரலாகாது என்பது 1859 ஆம் ஆண்டின் விதி. தரைத்தளத்தில் கடைகள் இருந்தன. இரண்டாம் மாடியில், நீண்ட உப்பரிகையும் உயர்ந்த கூரையும் உடைய செல்வர் இல்லம் இருந்தது. மேலே செல்லச் செல்லக் கூரை தாழ்ந்தது, வாடகையும் தாழ்ந்தது. சரிந்த கூரையின் அடியிலே, சிறு சிறு அறைகளில் பணிப்பெண்கள் உறங்கினர். இந்த ஒழுங்கை வகுத்தது படிக்கட்டே. ஏறும் படி ஒவ்வொன்றும் கால் வலியாதலால், வசதியுள்ளவர் குறைவாக ஏறினர். வசதியற்றவர் கூடுதலாக ஏறினர்.

இவ்வொழுங்கைக் கலைத்தது உயர்த்தி. எலிஷா ஓட்டிஸ் என்னும் அமெரிக்கர், 1854 ஆம் ஆண்டு நியூயோர்க் பொருட்காட்சியிலே, கயிற்றில் தொங்கும் மேடையொன்றில் ஏறி நின்று, அக்கயிற்றை வெட்டச் செய்தார். மேடை விழவில்லை. கயிற்றின் இழுப்பு நீங்கியதும் மேலிருந்த வில் நிமிர்ந்து, இருபுறத் தண்டவாளங்களின் பற்களிலே பற்றிக்கொண்டது. 1857 இல், அந்நகரில் ஐந்து மாடிக் கடையொன்றிலே மனிதரை ஏற்றும் உயர்த்தியை அவர் பொருத்தினார்.

எனினும், நியூயோர்க் செல்வரிடத்தில் வேறொரு தடை இருந்தது. பிறரோடு ஒரு கூரையைப் பகிர்வது ஏழைகளின் நிலை என அவர்கள் கருதினர். பாரிஸில் கட்டடக்கலை பயின்ற றிச்சார்ட் மொறிஸ் ஹண்ட் வரைந்த ஸ்டைவசன்ட் மாடிமனை 1870 ஆம் ஆண்டளவில் எழுந்தது. மக்கள் அதனைப் ‘பிரெஞ்சு மாடி வீடு’ என்றனர். மதிப்புக்குரிய குடும்பங்கள் அங்கே குடியேறின. கூச்சம் சிறிது சிறிதாகத் தணிந்தது.

அதன் பின் வந்ததே டக்கோட்டா. நம் நாட்டு வீடுகளிலும் நன்கு அறிமுகமான சிங்கர் தையல் இயந்திரத்தின் நிறுவனத்திலே பங்காளராக இருந்த எட்வேர்ட் கிளார்க், மத்திய பூங்காவின் மேற்குக் கரையிலே இதனைக் கட்டுவித்தார். வரைந்தவர் ஹென்றி ஹார்டன்பேர்க். 1880 இல் தொடங்கிய வேலை 1884 இல் முடிந்தது. கிளார்க் அதனைக் காணாமலே 1882 இல் மறைந்தார். கூர்ங்கூரைகளும் மாடச் சாளரங்களும் கொண்ட இக்கோட்டையின் நடுவே, நம் நாற்சார் வீடுகளைப் போல, வானம் பார்த்த முற்றம் உண்டு. குதிரை வண்டிகள் வளைவு வாயிலால் நுழைந்து முற்றத்தை அடைந்தன. முற்றத்தின் நான்கு மூலைகளிலும் படிக்கட்டும் உயர்த்தியும் அமைந்தன. இதனால் நீண்ட நடைகூடங்கள் இன்றியே குடிகள் தத்தம் வாயிலை அடைந்தனர். முற்றத்தாலும் வீதியாலும் வீடுகள் இருபுறமும் ஒளி பெற்றன.

இங்கேயும் உச்சித் தளங்கள் பெரும்பாலும் பணியாளருக்கும் சலவைக்குமே ஒதுக்கப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. உயர்த்தி வந்துவிட்டது, பழக்கம் மாறவில்லை. 1920 களிலேதான் உச்சி மாடி செல்வரின் விருப்பத்துக்குரிய இடமாயிற்று. வாடகை மனையாக இருந்த டக்கோட்டாவை 1961 இல் குடிகள் கூட்டுறவு முறையில் தமதாக்கினர். 1969 இல் நகரம் அதனைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

அதே நகரத்தின் கிழக்குப் பகுதியிலும் தொடர்மாடிகள் இருந்தன. 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட நிலத்துண்டிலே நெருங்கிய கட்டடங்கள் அவை. உள்ளறைகள் பலவற்றில் சாளரமே இல்லை. சாளரம் வேண்டுமென 1879 இல் சட்டம் வந்தபோது, கட்டுவோர் நடுவே ஒடுங்கிய இடுக்கொன்றை விட்டு, அதனை நோக்கிச் சாளரம் வைத்தனர். அவ்விடுக்கில் குப்பை நிறைந்தது. தீப்பற்றினால் அதுவே புகைபோக்கியாயிற்று. 1901 ஆம் ஆண்டின் சட்டம் இம்முறையைத் தடுத்தது. புதிய கட்டடங்களில் ஒவ்வோர் அறைக்கும் வெளிச் சாளரமும், போதிய அகலமுள்ள முற்றமும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மலசலகூடமும் வேண்டும் என்றது.

அச்சட்டத்தில் ஒரு நயம் உண்டு. மூன்று குடும்பங்கள் அல்லது அதற்கு மேற்பட்டவை தனித்தனியே சமைத்து வாழும் வீடு எதுவாயினும் அதற்கு ஒரே பெயர்தான். ஏழையின் குடியிருப்பும் செல்வரின் மாளிகையும் சட்டத்தின் முன் ஒரே வகையாயின. டக்கோட்டாவின் குடிகள் பணம் கொடுத்துப் பெற்ற ஒளியும் காற்றும் முற்றமும், அன்று முதல் புதிதாகக் கட்டப்படும் எளிய வீட்டுக்கும் உரிமையாயின. ஒரு மாடிக் கட்டடத்தை மதிப்பிட விரும்புவோர் முகப்பின் கற்சிற்பங்களை நோக்குவதோடு நில்லாது, அதன் உள்ளறையின் சாளரம் எதை நோக்கித் திறக்கிறது என்பதையும் பார்த்தல் நன்று.