1960 டாலரும் மாறிய காலக்கோடும்

ஸ்டீஃபன் கிங்கின் 11/22/63 நாவலை ஹுலு 2016-ல் எட்டுப் பகுதித் தொடராக எடுத்தது. ஓர் உணவகத்துக்குள்ள ஒரு வாசல். நுழைஞ்சா 1960 அக்டோபர். எத்தனை தடவை போனாலும் அதே நாள்தான். ஜேக் எப்பிங் அந்த வழியா போய், கென்னடி கொலையைத் தடுக்கணும். (கதை முடிவு கீழே வருது, பார்க்காதவங்க உஷார்!)

அங்கே அவன் பந்தயம் கட்டிப் பணம் சம்பாதிக்கிறான். அந்த 100 டாலர் நம்ம காலத்துல எவ்வளவு?

அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 1960-ல் சராசரி 29.6, 2016-ல் 240. வகுத்தா சுமார் 8.1 மடங்கு. ஆக, 100 டாலர் என்பது 810 டாலர். பலரும் இத்தோட நிறுத்திடுவாங்க. சிக்கலே இதுக்கு அப்புறம்தான்.

இந்த 8.1 எப்படி வந்தது? 1960-லிருந்து 1970 வரை குறியீடு 29.6-லிருந்து 38.8-க்குத்தான் ஏறியது. அடுத்த பத்தே வருஷத்தில் 82.4! வியட்நாம் போர்ச் செலவு, 1971-ல் நிக்சன் டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தியது, 1973 எண்ணெய்த் தடை, 1979 ஈரான் புரட்சி என எல்லாம் சேர்ந்த விளைவு அது. வட்டியைக் கடுமையாக ஏற்றித்தான் பிறகு கட்டுப்படுத்தினார்கள்.

பணவீக்கம் புவியீர்ப்பு மாதிரி இயற்கை விதி இல்லை. யாரோ எடுத்த முடிவுகளும், நடந்த விபத்துகளும் விட்டுப்போன தடம். கென்னடி பிழைச்சா ஜான்சன் அப்போ அதிபர் ஆகமாட்டார். நிக்சன் ஆவாரா என்பதே சந்தேகம். பிறகு 1971 முடிவு எங்கிருந்து வரும்? மாறிய காலக்கோட்டில் 8.1-ஐப் போட்டுப் பெருக்குவது, ஒரு கிளையின் லாக் ஃபைலை வெச்சு இன்னொரு கிளையை டீபக் பண்ற மாதிரி. விடை வரும், ஆனா அந்த உலகத்துக்கு அது பொருந்தாது.

தொடரிலேயே, கென்னடியைக் காப்பாற்றிவிட்டு ஜேக் திரும்பும் 2016 இடிபாடாகக் கிடக்கு. அங்கே 810 டாலருக்கு என்ன கிடைக்கும்? வாங்க ஒரு கடை இருந்தாதானே மதிப்பு!

நாவலில் உணவகக்காரர் அல் செய்வது இன்னும் கெட்டிக்காரத்தனம். 1958-ல் மலிவாகக் கறி வாங்கி, இந்தப் பக்கம் கொண்டுவந்து பர்கர் போட்டு விற்கிறார். எந்தக் குறியீட்டு அட்டவணையும் தேவைப்படாத ஒரே வழி அதுதான்.