உங்களுக்குத் தெரியுமா? தக்கை வெட்டிய வீட்டின் ஆரஞ்சு சோடா

ஸ்காட்லாந்துக்காரர்கள் விஸ்கிக்கு அடுத்தபடி 'எங்கள் தேசிய பானம்' என்று கொண்டாடுவது ஒரு கலர் சோடாவை. பெயர் இர்ன்-ப்ரூ. பளீரென்ற ஆரஞ்சு நிறம். கோக்கும் பெப்சியும் பல நாடுகளில் சுலபமாக முதலிடம் பிடித்தன. இங்கே இந்த உள்ளூர் சோடா அவற்றை நெடுங்காலம் திணற வைத்தது. தயாரிப்பவர்கள் 'பார்' குடும்பம். அது குடும்பப் பெயர்தான், ஊறுகாய் கிடைக்கும் பார் அல்ல!

இந்தக் குடும்பத்தின் முதல் தொழில் சோடா இல்லை. 1830 முதல் பாட்டில் தக்கை வெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் ஒரு பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊர் கோலி சோடா பாட்டிலேதான் அது. கண்ணாடிக் கோலியே வாயை அடைத்துக்கொள்ளும் என்றால் தக்கைக்கு ஏது மவுசு? மூன்றே வருஷத்தில், 1875-இல், ஃபால்கிர்க் ஊரில் ராபர்ட் பார் சோடா போட ஆரம்பித்துவிட்டார். மூடியை விட்டுவிட்டுச் சரக்குக்கே மாறிய ஆள்!

'ஏ.ஜி. பார்' என்பது கம்பெனியின் பெயர். அந்த ஏ.ஜி. யார்? தொடங்கிய அப்பா இல்லை. 1887-இல் கிளாஸ்கோவில் தனியாகத் தொழில் போட்ட மூத்த மகனும் இல்லை. 1892-இல் அண்ணனிடமிருந்து கிளாஸ்கோ தொழிலை வாங்கிக்கொண்ட தம்பி ஆண்ட்ரூ கிரெய்க் பார். 1903-இலேயே அவர் போய்விட்டார். பெயர் மட்டும் இன்னும் பாட்டிலில் இருக்கிறது.

ஆரஞ்சு சோடா சந்தைக்கு வந்தது 1901-இல். கிளாஸ்கோ சென்ட்ரல் ரயில் நிலைய வேலையில் இருந்த இரும்புத் தொழிலாளர்கள் வேர்வைக்குப் பதில் பீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்களாம். அதற்கு மாற்றாகத் தெம்பு தரும் பானமாக இது வந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பெயரிலேயே 'அயர்ன்', அதாவது இரும்பு, ஒலிக்கிறதே, இரும்புச் சத்து நிஜமாகவே உண்டா? உண்டு, 0.002 சதவீத அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட். ரத்தசோகைக்காரர்கள் முருங்கைக்கீரையைக் கைவிட வேண்டாம். இந்தத் துளி இரும்பை வைத்துக்கொண்டுதான் 1980-களில் 'ஸ்காட்லாந்தில், இரும்பு உத்தரத்திலிருந்து செய்தது' என்று விளம்பரம் செய்தார்கள்.

முதலில் பெயர் 'அயர்ன் ப்ரூ'. இன்னும் பல கம்பெனிகளும் அதே பெயரில் விற்றுக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் லேபிள் சட்டம் வரும்போல இருந்தது: நொதிக்க வைத்துத் தயாரிக்காத பானத்தை 'ப்ரூ' என்று சொல்லக்கூடாது. 1946-இல் எழுத்துகளைக் கலைத்து 'இர்ன்-ப்ரூ' என்று பதிவு செய்துவிட்டார்கள். உச்சரிப்பு கிட்டத்தட்ட அதே, சட்டத்துக்கும் பிடி இல்லை. பொதுப் பெயராக இருந்தது சொந்தப் பெயரானதுதான் இதில் பெரிய லாபம்.

1930-களில் ஃபால்கிர்க் தெருக்களில் இவர்களுடைய சோடா வண்டியை இழுத்த குதிரையின் பெயர் கர்னெரா. தோள் உயரமே ஆறு அடிக்கு மேல். இத்தாலிய ராட்சதக் குத்துச்சண்டை வீரர் பிரிமோ கர்னெராவின் பெயரை வைத்திருந்தார்கள். வண்டி வருகிற தெருவில் தனியாக விளம்பரம் எதற்கு?

விளம்பரத்தில் மைசூர் வாசனையும் உண்டு. மைசூர்ப் பக்கத்து மாவுத்தர் மகன் சாபு, 1937-இல் 'எலிஃபண்ட் பாய்' படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்றார். அவரைப் பார்த்து உருவான தலைப்பாகைப் பையன் 'பா-ப்ரூ', ஸ்காட்லாந்துச் சிறுவன் சாண்டியோடு சேர்ந்து 1939 முதல் 1970 வரை படக்கதை விளம்பரத்தில் உலவினான்.

1965-இல் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது. 1972-இல் டைசர் பானத்தை வாங்கினார்கள். 2004-இல் முதல் முறையாகக் குடும்பத்துக்கு வெளியே இருந்து ஒருவர் தலைமை நிர்வாகி ஆனார். 2008-இல் ரூபிகானை வாங்கினார்கள். லண்டன் தமிழர் வீட்டு விசேஷங்களில் மேசைக்கு வருகிற அதே மாம்பழ ஜூஸ்தான்.

பங்கை வெளியே கொடுத்தார்கள், நாற்காலியையும் கொடுத்தார்கள். கலக்கும் அறையின் சாவியை மட்டும் கொடுக்கவில்லை. 32 வாசனைப் பொருள்கள் சேரும் அந்தச் செய்முறை தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அவர்கள் ஒரே விமானத்தில் ஏறுவதில்லை என்பார்கள். எழுத்துப் பிரதி வங்கிப் பெட்டகத்தில். தலைவர் பதவியிலிருந்து 2009-இல் இறங்கிய ராபின் பார், அதன் பிறகும் கம்பர்னால்டு ஆலைக்குப் போய்ப் பூட்டிய அறைக்குள் தன் கையால் எசென்ஸ் கலந்து கொடுத்து வந்தார். அடுத்து அவர் சொல்லிக்கொடுத்தது மகளுக்கு. நம்மூரில் பொடி அரைக்கும் பக்குவம் அடுத்த தலைமுறைக்குப் போகிற மாதிரியேதான்.

காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 30 பென்ஸ். சிறுவர்கள் அதை 'கண்ணாடிச் செக்' என்பார்கள். 2015-இன் கடைசி நாளோடு அந்தச் செக் செல்லாமல் போனது.

2018-இல் பிரிட்டனில் சர்க்கரை வரி வந்தது. 100 மில்லிக்கு 5 கிராம் தாண்டினால் வரி. கம்பெனி 10.3 கிராமை 4.7 ஆகக் குறைத்தது. வெடித்தது ரகளை! 50,000 பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பழைய சரக்கைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். மறு வருஷமே நூறு வருஷத்துக்கு முந்தைய கையெழுத்துக் குறிப்பேட்டைத் தேடி எடுத்து, சர்க்கரை தூக்கலாக 'இர்ன்-ப்ரூ 1901' என்று விட்டார்கள். கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று வந்தது, கடைசியில் நிரந்தரமாகவே தங்கிவிட்டது.

அதே 2018-இல், டொனால்ட் டிரம்புக்குச் சொந்தமான டர்ன்பெரி ஓட்டலில் இர்ன்-ப்ரூவுக்குத் தடை விழுந்தது. ஓட்டல் சொன்ன காரணம்: விலை உயர்ந்த கம்பளத்தில் சிந்தினால் ஆரஞ்சுக் கறை போகவே மாட்டேன் என்கிறது.