உஷ்ணமும் ஞாபகமும்

கஞ்சமலை அடிவாரத்து இளம்பிள்ளையிலிருந்து ஓர் இளைஞர் கடிதம் எழுதியிருக்கிறார். சேலைகளுக்கு ஜக்கார்டு டிசைன் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் ராம் என்னும் நினைவகத்தின் வேகத்தை, அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த அளவுக்கும் சற்று மேலாகவே, சிநேகிதர் ஒருவரின் யோசனைப்படி ஏற்றி வைத்திருக்கிறாராம். இரவு பதினொரு மணிக்கு மேல் அது பரம சாதுவாக வேலை செய்கிறதென்றும், மத்தியானம் இரண்டு மணிக்கு மாத்திரம் திரை நீலமாகி நின்றுவிடுகிறதென்றும், ஒரு தடவை சேமித்து வைத்த டிசைனையே மறுநாள் திறக்க முடியாமற் போயிற்றென்றும் விவரித்துவிட்டு, கோளாறு மின்சாரத்திலா யந்திரத்திலா என்று கேட்கிறார். இரண்டையும் குற்றம் சொல்வதற்கு முன்னால் சித்திரை மாதத்து வெயிலைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கம்ப்யூட்டர் என்பது யாது, அதில் ராம் எங்கே செருகியிருக்கிறது என்பதையெல்லாம் இந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே நமக்குச் சொல்லித் தருவார்களாதலால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த ராமின் உள்ளே ஓர் எழுத்தோ, ஓர் எண்ணோ, ஒரு நூலிழையின் நிறமோ எந்த ஆதாரத்தில் நிற்கிறது என்பதை அறிந்தவர் சிலரே. 1966 இல், நம் சேலத்தில் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கப்பெற்ற அதே ஆண்டில், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்ட் என்பவருக்கு ஒரு யுக்தி தோன்றிற்று. உண்டு அல்லது இல்லை என்னும் ஒரே ஒரு விடையை, அதாவது ஒரு பிட்டை, வைத்துக்கொள்வதற்கு அப்போது ஆறு டிரான்சிஸ்டர்கள் வரை செலவாகிக்கொண்டிருக்க, ஒரே டிரான்சிஸ்டரும், மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் ஒரு நுண்ணிய கெப்பாசிட்டரும் இருந்தாலே போதும் என்று அவர் கண்டார். 1968 ஜூன் மாதத்தில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று நம் மேஜைக் கம்ப்யூட்டரில் சாதாரணமாகக் கிடக்கும் 8 ஜி.பி. ராம் ஒன்றில் அப்படிப்பட்ட அறைகள் ஏறக்குறைய 6,870 கோடி இருக்கின்றன.

இவ்வளவு மலிவாகக் கிடைத்த வசதிக்கு ஒரு விலை இருக்கத்தானே வேண்டும்? அந்தக் கெப்பாசிட்டர் ஓட்டைக் கெப்பாசிட்டர். அதில் தங்குபவை சில பத்தாயிரம் எலெக்ட்ரான்களே. அவையும் தங்குகிற சுபாவம் உடையவை அல்ல, ஒவ்வொன்றாகக் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். போதாததற்கு, அறையில் என்ன இருக்கிறதென்று ஒரு முறை படித்துப் பார்த்தாலே அதிலிருப்பது வடிந்துவிடும். படித்த கையோடு திரும்ப எழுதி வைத்தாக வேண்டும். ஆகவே, யாரும் எதையும் கேட்காத நேரத்திலும், நாம் காபி குடிக்கப் போயிருக்கும் நேரத்திலும், அந்த யந்திரம் தன் ஞாபகம் முழுவதையும் வரிசை வரிசையாகப் படித்து மறுபடியும் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. ரெஃப்ரெஷ் என்று சொல்லப்படும் இந்தக் காரியம் நின்றுபோனால் ஞாபகமும் போயிற்று.

பரமத்தியில் என் பெரியப்பாவுக்கு ஒரு கிணற்றுத் தோட்டம் இருந்தது. சின்ன வெங்காயம் நட்டிருந்த காலத்தில், அவர் மண்வெட்டியுடன் வாய்க்கால் ஓரமாக நின்று, ஒரு பாத்திக்கு மடையைத் திறந்து, அது நிறைந்ததும் அடைத்து, அடுத்த பாத்திக்குத் திறந்துவிட்டுக்கொண்டே போவார். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேருவதற்குள் முதற்பாத்தி காய்ந்துவிடக்கூடாது என்பது ஒன்றே அந்த வேலையின் கணக்கு. தை மாதத்தில் முறை மெதுவாக வந்தாலும் பயிர் பொறுக்கும்; சித்திரையில் அதே சுற்று அதற்குள் இரண்டு தரம் வந்தாக வேண்டும். தண்ணீர் கட்டுகிற நேரத்தில் அவரைக் களை எடுக்கக் கூப்பிட முடியாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், ராம் வேலை செய்யும் விதம் அநேகமாக முழுவதும் வந்துவிடுகிறது.

கணக்கை எண்ணாகவே பார்க்கலாம். டி.டி.ஆர்.4 வகை ராமில் எந்த அறையும் 64 மில்லி செகண்டுக்குள் ஒரு முறையாவது நிரப்பப்பட வேண்டும் என்பது விதி. ஒரு செகண்டை ஆயிரமாக வகுத்து அதில் 64 பங்கு. நாம் ஒரு தரம் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவு. இந்த 64 மில்லி செகண்டுக்குள் 8,192 ரெஃப்ரெஷ் கட்டளைகள் பிறக்கின்றன, அதாவது 7.8 மைக்ரோ செகண்டுக்கு ஒன்று. 8 ஜிகாபிட் சில்லு ஒன்றில் ஒவ்வொரு கட்டளையும் 350 நானோ செகண்டு எடுத்துக்கொள்கிறது. வகுத்துப் பார்த்தால், யந்திரத்தின் நேரத்தில் நூற்றுக்கு நாலரைப் பங்கு, ஏற்கெனவே தெரிந்ததை மறக்காமல் இருப்பதற்கே செலவாகிறது என்று ஏற்படுகிறது. உஷ்ணம் ஏறக்குறைய பத்து டிகிரி உயர்ந்தால் கசிவு இரட்டிப்பாகும். ஆதலால் சில்லு 85 டிகிரியைத் தாண்டினால் சுற்றையும் இரட்டிப்பாக்கி, 3.9 மைக்ரோ செகண்டுக்கு ஒரு முறை நிரப்ப வேண்டும் என்று அதே விதி நூல் சொல்லுகிறது.

இனி, இப்படி வேகத்தை ஏற்றி ஓட்டும் ஓவர்கிளாக் விஷயத்துக்கு வருவோம். ராமுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு நிதானமான வேகம் உண்டு. அதற்கு மேல், இந்த வேகத்திலும் ஓடும் என்று தயாரிப்பாளரே சோதித்துத் தரும் ஓர் ஏற்பாடும் உண்டு. இன்டெல் வழக்கில் அதன் பெயர் எக்ஸ்.எம்.பி.; அது 2007 இல் வந்தது. ஏ.எம்.டி. தன் பங்குக்கு 2022 இல் எக்ஸ்போ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கும் மேலே போகிறவர்கள் கையில் நான்கு பிடிகள் இருக்கின்றன. துடிப்பைக் கூட்டலாம், டைமிங் என்னும் காத்திருக்கும் இடைவெளிகளைக் குறுக்கலாம், இவ்விரண்டையும் தாங்குவதற்காக வோல்ட்டேஜை ஏற்றலாம். இந்த மூன்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3200 வேகத்தில் 16 துடிப்புக் காத்திருப்பதும், 3600 வேகத்தில் 18 துடிப்புக் காத்திருப்பதும் ஒரே 10 நானோ செகண்டுதான் என்பதைத் தெரிந்துகொண்டால், பெட்டியின் மேலுள்ள பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல் இருக்கலாம். வோல்ட்டேஜை 1.2 லிருந்து 1.35 க்கு ஏற்றினால், செலவாகும் சக்தி அதன் வர்க்கத்தை அநுசரித்து ஏறுமாதலால், துடிப்பைத் தொடாமலே வெளிவிடும் வெப்பம் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் கூடிவிடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் மனத்தை மிகவும் கவர்ந்தது நான்காவது பிடி. டி-ரெஃபி என்று பயாஸில் ஒரு மூலையில் ஒளிந்துகிடக்கும் அந்த எண், இரண்டு ரெஃப்ரெஷ் கட்டளைகளுக்கு நடுவே எத்தனை துடிப்பு இடைவெளி விடலாம் என்பதைத் தீர்மானிப்பது. ஓவர்கிளாக் செய்வதிலேயே ஊறிப்போனவர்கள் அதை 65,535 வரையில் உயர்த்திவிடுகிறார்கள். 3600 வேகத்தில் அது 36 மைக்ரோ செகண்டுக்கும் சற்று அதிகம். விதி நூல் அனுமதிப்பதைப் போல நாலரை மடங்குக்கும் மேல். அதாவது, நினைவைக் காப்பதற்காக ஏற்பட்ட காவலையே தளர்த்தி, அப்படி மிச்சப்பட்ட நேரத்தை வேலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்! பெரியப்பாவுடைய தோட்டத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் மண்வெட்டியைக் கையில் எடுத்திருப்பார்.

ஆயினும் இது வெறும் துணிச்சல் அன்று. ஒரு நியாயம் இருக்கிறது. 64 மில்லி செகண்டு என்ற விதி, மிகப் பலவீனமான அறைகளை உத்தேசித்து ஏற்பட்டது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2012 இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியின் கணக்குப்படி, 32 ஜி.பி. நினைவகம் ஒன்றில் 256 மில்லி செகண்டு வரை தாக்குப்பிடிக்க இயலாத அறைகள் சுமார் ஆயிரம் மட்டுமே. மற்றக் கோடானுகோடியும் அதற்கு மேல் தாங்குகின்றன. அந்த ஆயிரம் நோஞ்சான்களின் பொருட்டு அத்தனை கோடியும் இத்தனை சீக்கிரம் சீக்கிரமாக நிரப்பப்படுகின்றன. அவற்றைத் தாங்க வைக்க இருக்கும் ஒரு வழி குளிர்ச்சி. குளிர்ந்தால் கசிவு குறையும். கசிவு குறைந்தால் காவலைத் தளர்த்தலாம். இதன் எல்லையைப் பார்க்க விரும்புகிறவர்கள் 2008 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த பரிசோதனையைக் கவனிக்க வேண்டும். தூசி ஊதும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து அதன் திரவத்தை ராமின் மேல் பீய்ச்சி, மைனஸ் 50 டிகிரி அளவுக்குக் குளிர வைத்து, மின்சாரத்தையும் துண்டித்துவிட்டுப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் கழித்தும் நூற்றில் ஒரு பங்குகூட அழியவில்லை. மின்சாரம் நின்றால் எல்லாம் மறந்துபோகும் என்று உலகம் நம்பியிருந்த வஸ்து, ரகசியச் சங்கேதங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தது.

இப்போது நம் இளம்பிள்ளை நண்பரின் அறைக்குத் திரும்பலாம். ஓவர்கிளாக் செய்யும் வெளிநாட்டார் சொல்லும் அளவுகள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து டிகிரி உள்ள அறையை மனத்தில் கொண்டவை. சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவில் கிடக்கும் நம் சமவெளியில், சித்திரை வைகாசியில் நிழலிலேயே நாற்பது டிகிரி தொடுகிற நாட்கள் உண்டு. ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ போட்ட அறை என்றால் சொல்ல வேண்டியதில்லை. கேபினெட்டின் உள்ளே காற்று அதைவிடப் பல டிகிரி அதிகம். கிராஃபிக்ஸ் கார்டு தன் வெப்பத்தை மேல்நோக்கி ராமின் மீதே ஊதிக்கொண்டிருக்கும். அதற்கும் மேலே ராமின் சொந்தச் சூடு இருக்கிறது. 85 டிகிரி வரை பயமில்லை என்பது நிதானமான வேகத்தில் ஓடுவதற்குச் சொன்ன வார்த்தை. டைமிங்கை இறுக்கி ஓட்டும்போது, பிரசித்தி பெற்ற சாம்சங் பி-டை சில்லுகளே ஐம்பது டிகிரியை நெருங்குகையில் தடுமாறத் தொடங்கும் என்பது இதில் பழகியவர்களுக்குத் தெரிந்த சங்கதி. இரவு பதினொரு மணிக்கு ஒழுங்காக இருப்பது பகல் இரண்டு மணிக்கு ஏன் தவறுகிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ராமின் மேல் மினுக்கும் வர்ண விளக்குகளுக்குப் பணம் கொடுக்க நம்மவர் தயங்குவதில்லை; அந்த விளக்குகளும் சூட்டைத்தான் கூட்டுகின்றன. தடித்த அலுமினியக் கவசமும் காற்று ஓடினால்தான் பயன்படும். காற்று ஓடாத இடத்தில் அது வெறும் அலங்காரம். ராமுக்கு நேராக ஒரு சிறு ஃபேனை வைத்து ஊதவிட்டால் பத்து டிகிரி வரையில் இறங்கக்கூடும் என்பதை யாரும் கவனிப்பதில்லை. இளம்பிள்ளை, பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற தறி ஊர்களில் கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றிப் பாருங்கள்: ஃபேன் இறக்கைகளின் மேல் பஞ்சு மெத்தையாகப் படிந்திருக்கும்; காற்று நுழையும் சல்லடைக் கண்கள் நூல் தூசியால் கம்பளி போர்த்தது போல அடைந்திருக்கும். 2011 முதல் அரசாங்கம் மாணவர்களுக்குக் கொடுத்த லட்சக்கணக்கான மடிக்கணினிகளில் எத்தனை, ஒரு தரமாவது திறந்து துடைக்கப்பட்டிருக்கும்? மற்றொரு பக்கத்தில், 3600 என்று அச்சிட்ட ராமைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் பலர், எக்ஸ்.எம்.பி.யை இயக்கிவைக்காத காரணத்தால், வருஷக்கணக்கில் அதை 2133 வேகத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளதை அநுபவிக்கத் தெரியாமலும், இல்லாததற்கு ஆசைப்பட்டும் நாம் ஒரே யந்திரத்தில் இரண்டு தவறுகளைச் செய்துவிடுகிறோம்.

நண்பரே, தாங்கள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலில் பஞ்சை ஊதித் துடையுங்கள். தயாரிப்பாளர் சோதித்துத் தந்த எக்ஸ்.எம்.பி. அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், டி-ரெஃபியைத் தொட்டிருந்தால் பழைய எண்ணையே வையுங்கள். டி.டி.ஆர்.5 ஆக இருந்தால் ராமிலேயே உஷ்ணமானி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிறகு மெம்டெஸ்ட் என்னும் நினைவகச் சோதனையைப் போட்டுச் சோதியுங்கள். அந்தச் சோதனையை இராத்திரி குளிர்ச்சியில் வேண்டாம், உச்சி வெயிலில், கிராஃபிக்ஸ் கார்டும் உழைத்துச் சூடேறியிருக்கிற வேளையில் செய்யுங்கள். அதில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் வேகத்தை ஒரு படி இறக்குங்கள். டிசைன் வேலையில் அந்த ஒரு படியின் வித்தியாசம் தங்கள் கண்ணுக்கே தெரியாது.

திரை நீலமாகி நின்றுபோவதைக்கூட நான் பெரிய ஆபத்தாக நினைக்கவில்லை. அப்போதாவது யந்திரம் தன் இயலாமையைச் சொல்லிவிடுகிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே, எங்கோ ஒரு பிட்டை மாத்திரம் மாற்றி எழுதிவிடுவதுதான் விபரீதம். தங்கள் முன்னோர் துளையிட்டுக் கோத்த ஜக்கார்டு அட்டையில் ஒவ்வொரு துளையும் ஒரு பிட். வெயிலடித்தால் அந்தத் துளை மூடிக்கொண்டதில்லை. இன்றைய டிசைன் ஃபைலில் ஒரு பிட் புரண்டால், தூக்க வேண்டாத ஒரு பாவு இழையைத் தறி தூக்கும். அந்தப் பூ திரும்ப வரும் இடத்திலெல்லாம் அதே இழையைத் தூக்கும். சேலை முழுவதும் நெய்து முடித்த பிறகே பிழை தெரியும். பாவும் கூலியும் நஷ்டமாகிறவர் தறிக்காரர். தங்களுக்கு மிச்சப்பட்ட சில விநாடிகளுக்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?