யாவாவின் தோற்பாவையும் கைவினைஞர் உழைப்பும்
யாவாவின் 'வயாங் குலித்' நிழற்கூத்தில் விடியும்வரை கதைநடத்தும் 'டாலாங்' புகழ்பெறுகிறார். பாவையை ஆக்கியவரோ பெரும்பாலும் அறியப்படாதவராகவே இருக்கிறார். எனவே அவருழைப்பு தனித்து நோக்கற்பாலது.

எருமைத்தோலை இழுத்துக் கட்டி உலர்த்தி, மயிர் நீங்கச் சுரண்டிய பின்னரே உருவம் வரையப்படும். சிற்றுளிகளால் நுண்துளைகளிட்டு, வர்ணமும் பொன்னும் பூசுவர். கொம்பினாலான காம்பு உடலைத் தாங்கும். தோளிலும் முழங்கையிலும் மூட்டிய கைகள் அசையும்.

நிழலுக்கு வர்ணம் எதற்கு? திரையின் இருபுறத்திலுமிருந்து மக்கள் காண்பர் என்பதே விடை. நிழலைக் காண்போருக்குத் துளைவேலை. விளக்கின் பக்கமிருப்போருக்கு வர்ணம்.

மகாபாரதக் கதையை ஆடும்போதும், மூலத்தில் இல்லாத செமார் முதலிய பணியாளர் பாத்திரங்கள் மேலோரை எள்ளி நகையாடுவதுண்டு. 2003இல் யுனெஸ்கோ இக்கூத்தை மானுடத்தின் மரபுச்செல்வமெனப் பிரகடனஞ் செய்தது. அம்மரபைப் பேணுதல் என்பது உளிபிடிக்கும் கைகளின் வாழ்வைப் பேணுதலையும் உள்ளடக்கியதாகும்.