அருளர் (2005)

லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரின்போது அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம் ‘எம்.ஐ.ஏ.’ என்ற பெயரில் வெளியிட்ட முதல் ஆல்பம். தலைப்பு, ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான தந்தையின் இயக்கப் பெயர். தொடக்கப் பாடல்கள் ரோலண்ட் எம்.சி.-505 என்ற கருவியில் உருவானவை.

‘பக்கி டன் கன்’ பாட்டின் டிரம்பெட் முழக்கத்தைக் கவனியுங்கள். ‘ராக்கி’ (1976) படத்துக்கு பில் கான்ட்டி அமைத்தது அது. பிரேசில் ஃபங்க் பாடகி டெய்சி டிக்ரோனாவின் பாட்டில் புகுந்து, அங்கிருந்து இங்கே வந்தது. கடன் வாங்கியதையே கடன் வாங்கியிருக்கிறார், கூச்சமின்றி, அழகாக! ஆல்பம் 2005ஆம் ஆண்டு பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

பம்பை கேட்டுப் பழகிய தருமபுரிக் காதுகளுக்கு அடுத்த ஆல்பமான ‘கலா’ (2007) இன்னும் நெருக்கம். அதில் உறுமி அதிர்கிறது. ‘தளபதி’யின் இளையராஜாவும் ஒலிக்கிறார்.