காது மிஷின் பெட்டியில் இருந்தால் போதுமா?



முதியோர் இல்லங்களில் சிலரிடம் காது மிஷின் இருக்கும். ஆனால் அது காதில் இருக்காது, பெட்டியில் இருக்கும்! கேட்டால், "போட்டா ஒரே இரைச்சலா இருக்கு கண்ணு" என்பார்கள். ஏன் அப்படி?

நம் உள்காதில் நத்தை வடிவத்தில் ஓர் உறுப்பு உள்ளது. அதிலுள்ள நுண்ணிய முடி செல்கள்தான் ஒலியை மூளைக்கு அனுப்புகின்றன. வயதாக ஆக அவை அழிகின்றன, மறுபடி முளைப்பதில்லை. கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். அதனால் 'பல்' என்றோமா, 'கல்' என்றோமா என்று தெரியாது. "சத்தம் கேக்குது, என்ன சொல்றன்னுதான் புரியல" என்று பாட்டிகள் சொல்வது இதனால்தான். நாம் கத்தினாலும் பயனில்லை.

காது மிஷினில் ஒரு மைக், ஒலியைப் பெருக்கும் கருவி, ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கும். அது பேச்சோடு சேர்த்து ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தத்தையும் பெரிதாக்கும். பல வருஷம் அந்தச் சத்தங்களைக் கேட்காத மூளை பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். எனவே முதலில் அமைதியான அறையில் கொஞ்ச நேரம் போட்டு, நாளாக நாளாக நேரத்தைக் கூட்ட வேண்டும்.

இன்னொன்று பேட்டரி. பல மிஷின்களில் சட்டை பட்டனைவிடச் சிறிய துத்தநாக பேட்டரி போடுவார்கள். அதன் மேல் உள்ள ஸ்டிக்கரை உரித்தால் காற்று புகுந்து வேலை செய்யும். உரித்துவிட்டால் சும்மா வைத்திருந்தாலும் தீர்ந்துபோகும். கை நடுங்கும் தாத்தா இதைத் தனியாக எப்படி மாற்றுவார்?

காது கேட்காதவர்கள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்து, மூலையில் ஒதுங்கி விடுகிறார்கள். நாமோ "கூப்பிட்டா திரும்பிக்கூட பாக்கல, எவ்ளோ திமிரு" என்கிறோம். பாவம், அவருக்குக் கேட்டிருக்கவே இருக்காது!

வறுமையில் உள்ள முதியவர்களுக்குக் காது மிஷின், கைத்தடி, மூக்குக் கண்ணாடி போன்றவற்றை இலவசமாகத் தர மத்திய அரசு 2017-ல் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் மிஷின் கையில் கிடைத்தால் மட்டும் போதாது. பேட்டரி மாற்ற, அழுக்குத் துடைக்க, மாட்டிவிட ஓர் ஆள் வேண்டும். அதை நாமே செய்யலாம்.

செய்துவிட்டு உடனே ஓடிவிடாதீர்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து, நிதானமாகப் பத்து நிமிஷம் பேசுங்கள். அவர்கள் கேட்க ஆசைப்படுவது நம் குரலைத்தானே!